பெர்ல் பக்: காத்திருந்த பிள்ளைகளுக்குக் கதவு திறந்தவர்

என் பாட்டி சிலியாவ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வெளுத்த நிறம், சின்னக் கண்கள், நேரான முடி. ஆனால் வாயைத் திறந்தால் அசல் தோட்டத்துத் தமிழ்தான். மாரியம்மன் திருவிழாவில் முதல் பொங்கல் பானை அவருடையதாகத்தான் இருக்கும். பாட்டி பிறப்பால் சீனர். புலி ஆண்டில் பிறந்த பெண் பிள்ளை வீட்டுக்கு ஆகாது என்று கருதிய ஒரு சீனக் குடும்பம், பிறந்த சில நாட்களிலேயே அவரைத் தோட்டத்துத் தமிழ்த் தம்பதியிடம் கொடுத்துவிட்டது. பிள்ளையில்லாத அந்தத் தம்பதி ஒரு துண்டில் சுற்றி வாங்கி வந்தார்கள். கையெழுத்து கிடையாது, பத்திரம் கிடையாது.

நெகிரி செம்பிலானில் மட்டுமல்ல, மலாயா முழுவதும் தோட்டப்புறங்களில் இப்படி வளர்ந்த சீனப் பெண் பிள்ளைகள் இருந்தார்கள். உங்கள் குடும்பத்தில்கூட அப்படி ஒரு பாட்டியோ பெரியம்மாவோ இருக்கலாம்.

பாட்டியைப் பற்றி இப்போது நினைக்கக் காரணம் இருக்கிறது. சிரம்பானில் இருக்கும் என் பெரியப்பா மகனும் அண்ணியும் இந்தியாவிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்க விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஓர் அறைக்கு வண்ணம் பூசி, சிறிய கட்டில் வாங்கிப் போட்டாயிற்று. வருமானச் சான்று, மருத்துவப் பரிசோதனை, வீட்டைப் பார்வையிட வந்த அதிகாரியின் அறிக்கை என்று கோப்பு தடித்துக்கொண்டே போகிறது. கட்டில் மட்டும் காலியாகவே இருக்கிறது. சென்ற மாதம் போயிருந்தபோது அண்ணன் மனம் வெறுத்துப் பேசினார். அந்தக் காலத்தில் பாட்டியை ஒரே நாளில் வாங்கி வந்தார்களே, இப்போது மட்டும் ஏன் இத்தனை காலம் என்று கேட்டார்.

அவருக்கு உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தபின், பல்கலைக்கழக நாட்களில் நான் படித்த ஓர் எழுத்தாளரின் வாழ்க்கை நினைவுக்கு வந்தது. இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்ற முதல் அமெரிக்கப் பெண்மணி பெர்ல் எஸ். பக். அவரை நாவலாசிரியராகத்தான் பலர் அறிவார்கள். வேறு நாட்டுப் பிள்ளையும் வேறு நிறத்துப் பிள்ளையும் ஒரு குடும்பத்தின் சொந்தப் பிள்ளையாக முடியும் என்பதற்காக அவர் போராடியது அந்த அளவுக்குத் தெரியாது. அண்ணனின் கேள்விக்கான பதில் அவர் வாழ்க்கையில் இருக்கிறது.

இரண்டு நாட்டுப் பிள்ளை

பெர்ல் 1892-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஹில்ஸ்போரோ என்ற ஊரில் பிறந்தார். பெற்றோர் சீனாவில் கிறித்துவ சமயப் பணி செய்தவர்கள். கைக்குழந்தையாக இருந்தபோதே பெர்லைச் சீனாவுக்குத் தூக்கிச் சென்றுவிட்டார்கள். யாங்சி ஆற்றங்கரையில் உள்ள செஞ்சியாங் நகரில் அவர் வளர்ந்தார். வீட்டில் ஆங்கிலம், வெளியே சீனம். ஒரு சீன ஆயா அவருக்குக் கதை சொல்லி வளர்த்தார். கன்பூசியஸ் நெறியில் தேர்ந்த சீன ஆசிரியர் ஒருவர் எழுத்தும் வரலாறும் கற்பித்தார். பெர்லுக்கு ஒரு சீனப் பெயரும் உண்டு: சாய் செஞ்சு. செஞ்சு என்றால் முத்து. பெர்ல் என்ற ஆங்கிலப் பெயருக்கும் அதே பொருள்தான்.

அவர் தாய்க்குப் பிறந்த ஏழு பிள்ளைகளில் நான்கு பேர் சிறுவயதிலேயே இறந்துபோனார்கள். மருத்துவ வசதி குறைந்த அந்தக் காலச் சீனாவில் நோய் யாரையும் விடவில்லை. வீட்டுக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். வறுமையாலும், ஆண் பிள்ளைதான் வேண்டும் என்ற எண்ணத்தாலும், பிறந்த பெண் குழந்தைகளைக் கைவிடுவது அங்கே நடந்தது. சிறுமி பெர்ல் குன்றுகளில் விளையாடும்போது, சரியாகப் புதைக்கப்படாத சிசுக்களின் எலும்புகளைக் கண்டு, தானே குழி தோண்டி மூடியிருக்கிறார். பத்து வயதுகூட ஆகாத பிள்ளைக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று ஒரு பிள்ளை இருக்கக்கூடாது என்ற பிடிவாதம் அங்கேதான் அவருக்குள் வேர்விட்டிருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

1900-ஆம் ஆண்டு வெளிநாட்டவருக்கு எதிராகச் சீனாவில் பாக்சர் கிளர்ச்சி வெடித்தது. நேற்று வரை கூட விளையாடிய பிள்ளைகளின் வீடுகள் அவருக்கு அடைத்துக்கொண்டன. குடும்பம் ஷாங்ஹாய்க்குத் தப்பிச் சென்றது. தோலின் நிறத்தை வைத்து ஒருவரை அந்நியர் என்று ஒதுக்குவது எப்படிப்பட்டது என்பதை அவர் எட்டு வயதில் தானே அனுபவித்தார். வெள்ளைக்காரர் வேறு நிறத்தவரை ஒதுக்கிய காலத்தில், வெள்ளை நிறத்துக்காக ஒதுக்கப்பட்ட பிள்ளை அவர்.

தாயாக முடியாத தாய்

அமெரிக்காவின் ரேண்டால்ஃப் மேக்கன் மகளிர் கல்லூரியில் படித்து 1914-இல் பட்டம் பெற்றார். தாய் நோயுற்றதால் மீண்டும் சீனாவுக்கே திரும்பினார். 1917-இல் விவசாயப் பொருளாதார வல்லுநரான ஜான் லாசிங் பக்கை மணந்தார். வடக்கு அன்ஹுய் பகுதியின் ஏழைக் கிராமங்களில் கணவர் ஆய்வு செய்ய, பெர்ல் அங்குள்ள விவசாயப் பெண்களுடன் பேசிப் பழகினார். பின்னாளில் அவர் எழுதியவற்றுக்கு மூலதனம் அந்தப் பேச்சுகள்தாம்.

1920-இல் கேரல் என்ற பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்தையொட்டிக் கருப்பையில் கட்டி கண்டறியப்பட்டு, அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. இனி அவர் பிள்ளை பெற முடியாது. இருக்கும் ஒரே பிள்ளையும் வயதுக்கேற்ற அறிவு வளர்ச்சி இல்லாமல் இருப்பது மெல்ல மெல்லத் தெரிந்தது. அவர் மருத்துவர் மருத்துவராக அலைந்தார். கேரலுக்கு வந்தது பினைல்கீட்டோனூரியா என்ற பிறவி நோய். உணவிலுள்ள ஒருவகைப் புரதக்கூற்றை உடல் சரியாக மாற்ற முடியாமல் போவதால் மூளை பாதிக்கப்படும். அந்த நோயை நார்வே மருத்துவர் ஒருவர் அடையாளம் கண்டதே 1934-இல்தான். இன்று பல நாடுகளில் பிறந்த சில நாட்களிலேயே குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சோதித்து, உணவுக் கட்டுப்பாட்டால் பிள்ளையைக் காப்பாற்றிவிடுகிறார்கள். கேரலுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

1920-களின் நடுவில், அமெரிக்காவுக்கு விடுப்பில் சென்றபோது, ஓர் இல்லத்திலிருந்து ஜானிஸ் என்ற பெண் குழந்தையைத் தத்தெடுத்தார். அவர் தத்தெடுத்த முதல் பிள்ளை அவள்தான். இரு பெண் பிள்ளைகளோடு நான்ஜிங் நகரில் வசித்தார். பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்தார்.

1927 மார்ச்சில் நான்ஜிங்கில் படைகள் புகுந்து வெளிநாட்டவரைத் தாக்கின. பெர்ல் முன்பு உதவியிருந்த ஓர் ஏழைச் சீனப் பெண் ஓடிவந்து, குடும்பம் முழுவதையும் தன் ஒற்றையறைக் குடிசையில் மறைத்து வைத்தாள். கண்டுபிடிக்கப்பட்டிருந்தால் அவள் உயிரே போயிருக்கும். வேறு இனத்தவரைத் தன் கூரையின் கீழ் வைத்துக் காப்பது என்றால் என்ன என்பதை ஓர் ஏழைப்பெண் பெர்லுக்குச் செய்து காட்டிவிட்டாள்.

1929-இல் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு, கேரலை நியூ ஜெர்சியில் உள்ள வைன்லாந்து பயிற்சிப் பள்ளியில் சேர்த்தார். தான் இறந்தபின் அந்தப் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்ற கவலைதான் காரணம். அந்தச் செலவுக்குப் பணம் வேண்டும். அவர் தீவிரமாக எழுதத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம்.

எழுத்து தந்த புகழ்

1931-இல் வெளிவந்தது ‘தி குட் எர்த்’ நாவல். வாங் லுங் என்ற ஏழை விவசாயி, அவன் மனைவி ஓ-லான், அவர்களின் நிலம், பஞ்சம், செல்வம், சரிவு ஆகியவற்றைச் சொல்லும் கதை. ஓ-லான் சிறுவயதில் ஒரு பெரிய வீட்டுக்கு அடிமையாக விற்கப்பட்டவள். அவர்களின் மூத்த மகள் பேச்சு வராத, மனவளர்ச்சி குன்றிய பிள்ளை. முரட்டுத் தந்தையான வாங் லுங்கிற்கு அந்தப் பிள்ளைமேல்தான் ஆழ்ந்த பாசம். கேரலின் நிழலை வாசகர் அங்கே காணலாம். ஆனால் 1931-இல் அதை யாரும் அறியவில்லை. தன் மகளைப் பற்றிப் பெர்ல் வெளிப்படையாக எழுதியது 1950-இல்தான். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளை வெளியில் சொல்லாமல் மறைத்த காலத்தில், புகழ்பெற்ற ஒரு தாய் அப்படி எழுதியது பல பெற்றோருக்குத் துணிவு தந்தது.

நாவலுக்கு 1932-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. 1938-இல் நோபல் பரிசு வந்தது. இதற்கிடையே 1934-இல் அவர் நிரந்தரமாக அமெரிக்காவுக்குத் திரும்பியிருந்தார். அடுத்த ஆண்டு முதல் கணவரைப் பிரிந்து, தம் பதிப்பாளர் ரிச்சர்ட் வால்ஷை மணந்தார். பென்சில்வேனியாவின் பக்ஸ் வட்டாரத்தில் ‘கிரீன் ஹில்ஸ் பார்ம்’ என்ற பழைய பண்ணை வீட்டை வாங்கினார். 1936-இல் இரண்டு ஆண் குழந்தைகளை ஒன்றாகத் தத்தெடுத்தார். அதற்கடுத்து இன்னும் இரண்டு குழந்தைகள் வந்தார்கள். எழுதும் அறைக்கு வெளியே பிள்ளைகளின் கூச்சல் ஓயவே இல்லை.

அமெரிக்காவில் அவர் சும்மா இருக்கவில்லை. சீனர்கள் அமெரிக்காவில் குடியேறுவதைத் தடுத்த சட்டம் 1943-இல் நீக்கப்பட்டபோது, அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் அவரும் வால்ஷும் முன்னணியில் இருந்தார்கள். கறுப்பின மக்களின் சம உரிமைக்காகவும் இந்திய விடுதலைக்காகவும் பேசினார், எழுதினார்.

இந்தியத் தந்தையின் பிள்ளை

1949-ஐ ஒட்டி, ஒரு தத்தெடுப்பு நிறுவனம் உதவி கேட்டு அவரை நாடியது. ராபி என்ற ஆண் குழந்தை, பதினைந்து மாதம். தாய் அமெரிக்கர், தந்தை இந்தியர். நல்ல ஆரோக்கியமான, அறிவான பிள்ளை. ஆனால் தோல் பழுப்பு நிறம். அவனை ஏற்கும் குடும்பத்தைத் தங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை என்றது நிறுவனம்.

அன்றைய அமெரிக்க நடைமுறையை இங்கே சொல்ல வேண்டும். பிள்ளை வளர்ப்புப் பெற்றோருக்கே பிறந்தது போலத் தோன்ற வேண்டும் என்பது அங்கு விதியாகவே இருந்தது. முடியின் நிறம், கண்ணின் நிறம், மதம் எல்லாம் பொருத்திப் பார்த்தார்கள். பொருத்தம் இல்லாத பிள்ளை, தத்துக்குக் கொடுக்க முடியாத பிள்ளை என்ற பட்டியலில் சேர்ந்துவிடும். வீடும் பாசமும் உள்ள தம்பதிகள் ஒரு பக்கம் காத்திருப்பார்கள். இன்னொரு பக்கம் ஆசியக் கலப்புப் பிள்ளைகள் இல்லங்களிலேயே வளர்ந்து பெரியவர்களாவார்கள். நடுவில் நின்றது நிறம் மட்டும்தான்.

பெர்ல் தாம் அறிந்த பல நிறுவனங்களைத் தொடர்பு கொண்டார். எங்கும் அதே பதில். கோபம் வந்தது. ராபியைத் தம் வீட்டுக்கே அனுப்பச் சொன்னார். சில வாரங்களில், சீனக் கலப்புக் குழந்தை ஒன்றும் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அப்போது பெர்லுக்கு 57 வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. வால்ஷ் அவரைவிட மூத்தவர். இந்த வயதில் கைக்குழந்தைகளை முழுமையாக வளர்த்து ஆளாக்க முடியுமா என்று யோசித்தார்கள். பிள்ளைகளின் நன்மைக்கு இளம் பெற்றோர்தான் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். என்னைக் கவர்ந்தது இந்த இடம்தான். தம் ஆசையைப் பின்னுக்குத் தள்ளி, பிள்ளைக்கு எது நல்லது என்று அவர் முதலில் கேட்டார்.

அக்கம்பக்கத்தாரைக் கூட்டிப் பேசினார். அதே வட்டாரத்தைச் சேர்ந்த எழுத்தாளர் ஜேம்ஸ் மிச்சனர், இசை நாடகங்களின் பாடலாசிரியர் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன், அவர் மனைவி டோரதி ஆகியோர் துணை நின்றார்கள். 1949-இல் ‘வெல்கம் ஹவுஸ்’ பிறந்தது. வரவேற்பு இல்லம் என்று தமிழில் சொல்லலாம். முதலில் உள்ளூர்த் தம்பதி ஒருவர் தாய் தந்தையாக இருந்து பல பிள்ளைகளை வளர்த்த ஒரு வீடாகத்தான் அது இருந்தது. பிறகு, இத்தகைய பிள்ளைகளை ஏற்க விரும்பும் குடும்பங்கள் இருப்பது தெரிந்ததும், தத்தெடுப்பு நிறுவனமாக வளர்ந்தது. இன வேறுபாடு பார்க்காமல், நாடு கடந்தும் பிள்ளைகளுக்குக் குடும்பம் தேடிய அமெரிக்காவின் முதல் நிறுவனம் என்று அதைச் சொல்வார்கள். காலப்போக்கில் 5,000-க்கும் அதிகமான பிள்ளைகளுக்கு அது வீடு தேடித் தந்தது.

ஓர் இந்தியத் தந்தையின் பிள்ளையை யாரும் ஏற்காததில்தான் இவ்வளவும் தொடங்கியது என்பதை நம் மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடல் கடந்து வந்த மகள்கள்

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகும், 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரின்போதும், அமெரிக்கப் படைவீரர்களுக்கு ஜெர்மனியிலும் ஜப்பானிலும் கொரியாவிலும் பிள்ளைகள் பிறந்தார்கள். தந்தைமார் நாடு திரும்பிவிட்டார்கள். தாயின் நாட்டில் பிள்ளையின் முகமே பழிச்சொல்லானது. ஆசியத் தாய்க்கும் அமெரிக்கத் தந்தைக்கும் பிறந்த இப்பிள்ளைகளைக் குறிக்க ‘அமெரேசியர்’ என்ற சொல்லைப் பரவச் செய்தவர் பெர்ல்.

1950-களில் அவரே ஜெர்மனியிலிருந்து ஒரு மகளையும் ஜப்பானிலிருந்து ஒரு மகளையும் தத்தெடுத்தார். இருவரின் தந்தையரும் கறுப்பின அமெரிக்கப் படைவீரர்கள். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் மணம் செய்துகொள்வதையே அமெரிக்காவின் பல மாநிலங்கள் குற்றமாக வைத்திருந்த காலம் அது. அந்தத் தடைச் சட்டங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1967-இல்தான். அப்படிப்பட்ட நாட்டில், நோபல் பரிசு பெற்ற ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி கறுப்பு மகள்களோடு கடைவீதிக்குப் போனதே ஒரு போராட்டம்தான்.

அன்று வெளிநாட்டுப் பிள்ளைக்காகக் காத்திருந்த அமெரிக்கக் குடும்பங்களுக்குக் குடிநுழைவுச் சட்டமும் தடையாக நின்றது. ஆசிய நாடுகளுக்கு ஆண்டுக்கு நூறு பேர் என்ற அளவில்தான் குடியேற்ற ஒதுக்கீடு இருந்தது. அகதிகளுக்கான தற்காலிகச் சட்டங்கள் வழியாகத்தான் அனாதைப் பிள்ளைகள் உள்ளே வர முடிந்தது. தத்துப் பிள்ளைகளுக்கு நிரந்தர வழி 1961-இல் சட்டமானது. பெர்ல் இதழ்களில் விடாமல் எழுதினார், மேடைகளில் பேசினார். பிள்ளைகளை நிறுவனங்களில் அடைத்து வைத்துக்கொண்டு, பொருத்தம் பார்த்தே காலம் கடத்துகிறவர்களைக் கண்டித்தார்.

ஒன்றை அவர் தெளிவாக உணர்ந்தார். எல்லாப் பிள்ளைகளையும் கடல் கடத்திக் கொண்டுவர முடியாது. கொண்டுவருவதும் சரியல்ல. தாயோடு இருக்கும் பிள்ளை தாயோடுதான் வளர வேண்டும். ஆகவே 1964-இல் தம் பெயரில் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். பிறந்த நாட்டிலேயே அப்பிள்ளைகள் படிக்கவும் தொழில் கற்கவும் அது உதவியது. தென்கொரியாவின் புச்சோன் நகரில் அவர் தொடங்கிய மையம் இருந்த பகுதியில் இன்று அவருக்கு நினைவகம் இருக்கிறது.

ஒரு தவறும் ஒரு பாடமும்

பெரியவர்களின் வாழ்க்கையைச் சொல்லும்போது தவறுகளை மறைத்தால் நமக்குப் பயன் இல்லை. அறக்கட்டளையின் பொறுப்பைப் பெர்ல், நடன ஆசிரியராக இருந்த ஓர் இளைஞரிடம் ஒப்படைத்தார். அவர்மீது முழு நம்பிக்கை வைத்தார். 1969-இல் அந்த மனிதரின் நடத்தை பற்றியும் நிதிப் பயன்பாடு பற்றியும் ஓர் இதழ் கடுமையான குற்றச்சாட்டுகளை வெளியிட்டது. அவர் பதவி விலகினார். பெர்லோ கடைசிவரை அவரை விட்டுக்கொடுக்கவில்லை. பிள்ளைகளுக்காக வாழ்ந்தவரின் பெயருக்கு அது பெரிய கறையானது. அறக்கட்டளை மீண்டும் காலூன்றி, பின்னாளில் வெல்கம் ஹவுசோடு இணைந்து, இன்றும் இயங்குகிறது. ஆனாலும் அந்தப் பாடம் மறையவில்லை. நல்ல நோக்கம் மட்டும் போதாது. பிள்ளைகளின் வாழ்க்கையைக் கையாளும் இடத்தில் யாராக இருந்தாலும் சோதித்துப் பார்த்தாக வேண்டும்.

இந்தப் பாடத்தை உலகம் மிகுந்த விலை கொடுத்துத்தான் கற்றது. 1980-களில் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான கைக்குழந்தைகள் ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். அவர்களில் பலர் இன்று பெரியவர்களாகித் தம் தாயைத் தேடி வந்தால், ஆவணத்தில் இருக்கும் பெயரே பொய் என்று தெரியவருகிறது. வெளிநாட்டுத் தத்தெடுப்பில் நடந்த முறைகேடுகளை ஆராய்ந்த குழுவின் அறிக்கைக்குப் பிறகு, நெதர்லாந்து அரசு 2021-இல் அதை நிறுத்தி வைத்தது. அந்தக் குழு ஆராய்ந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. தென்கொரியாவில் 2025-இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், பெற்றோர் இருந்தும் பிள்ளைகள் அனாதைகள் என்று பதியப்பட்டு வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டதைக் கண்டறிந்தது. இந்தக் குடும்பங்களில் பெரும்பாலோர் நல்ல மனத்தோடு காத்திருந்தவர்கள்தாம். ஆனால் இடையில் நின்று சரிபார்க்க வேண்டியவர்கள் சரிபார்க்கவில்லை.

இதனால்தான் 1993-இல் ஹேக் நகரில் நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்புக்கு ஓர் உடன்படிக்கை உருவானது. பிள்ளையைச் சொந்தக் குடும்பத்தில் வைத்திருக்க முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் சொந்த நாட்டிலேயே வேறு குடும்பம் தேட வேண்டும். அதன் பிறகே வெளிநாடு. பெற்றோரின் சம்மதம் காசு கொடுத்து வாங்கியதாக இருக்கக்கூடாது. இந்தியாவும் இந்த உடன்படிக்கையில் இணைந்து, மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் வழியாகவே வெளிநாட்டுக் குடும்பங்களுக்குப் பிள்ளைகளைக் கொடுக்கிறது. நம் நாட்டில் 1952-ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டப்படி, நீதிமன்ற ஆணை கிடைப்பதற்கு முன்பு பிள்ளை குறைந்தது மூன்று மாதம் தொடர்ந்து அந்தக் குடும்பத்தின் பராமரிப்பில் இருந்திருக்க வேண்டும். இவை எல்லாம் நேரம் எடுக்கத்தான் செய்யும்.

பாட்டியின் அட்டை

இப்போது அண்ணனின் கேள்விக்கு வருகிறேன். பாட்டியை ஒரே நாளில் வாங்கி வந்தார்கள் என்பது உண்மைதான். அந்த அவசரத்துக்கான விலையைப் பாட்டி தம் வாழ்நாள் முழுவதும் கொடுத்தார். பிறப்புப் பத்திரம் இல்லை. பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணிலேயே பால்மரம் வெட்டி, ஐந்து பிள்ளைகளைப் பெற்றும், கையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. ஓர் அலுவலகத்தில், முகம் சீன முகம், பெயர் தமிழ்ப் பெயர், இது எப்படி என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாட்டி அன்று இரவு சாப்பிடவில்லை. பாசத்தில் அவருக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. அந்தத் தமிழ்த் தாய் அவரைத் தரையில் விடாமல் வளர்த்தாள். ஆனால் அந்தப் பாசத்துக்குச் சான்றாகக் காட்ட ஒரு தாள் இல்லை. நீல அட்டை கைக்கு வந்தபோது பாட்டிக்கு அறுபது வயதைத் தாண்டிவிட்டது. அதை மஞ்சள் தடவிச் சாமி படத்தின் முன் வைத்தார்.

பெர்ல் வாழ்க்கையையும் பாட்டி வாழ்க்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று விளங்குகிறது. காத்திருப்பில் இரண்டு வகை உண்டு. ராபி காத்திருந்தது அவன் நிறத்துக்காக. அந்தக் காத்திருப்பு அநியாயம், அதை உடைத்தவர் பெர்ல். அண்ணனும் அண்ணியும் காத்திருப்பது, வரப்போகும் பிள்ளை எங்கிருந்து வருகிறது, தாய் சம்மதித்துத்தான் கொடுத்தாளா, நாளை அந்தப் பிள்ளையின் கையில் என்ன பத்திரம் இருக்கும் என்பதை உறுதி செய்வதற்காக. இந்தக் காத்திருப்பு பிள்ளைக்கு நாம் கொடுக்கும் முதல் பாதுகாப்பு. காரணமே சொல்லாமல் கோப்பைக் கிடப்பில் போட்டால் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் சோதனையே வேண்டாம் என்று சொல்லக்கூடாது. அண்ணனிடம் இதைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, கோப்பில் இன்னும் எந்தத் தாள் குறைகிறது என்று அண்ணியிடம் கேட்டார்.

மாணவர்களே, உங்கள் வகுப்பிலோ பக்கத்து வீட்டிலோ பத்திரம் இல்லாமல் வளரும் பிள்ளை இருக்கலாம். படிவம் ஐந்து முடித்தபின் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போதும், வங்கிக் கணக்கு திறக்கும்போதும், வேலை தேடும்போதும்தான் அந்தப் பிரச்சினையின் கனம் தெரியும். அது தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். சிறு வயதிலேயே பதிவு செய்ய அவர்கள் குடும்பத்தைத் தூண்டுங்கள். படிவங்களை நிரப்ப உதவுங்கள். சட்டம் படிக்கும் மாணவர்கள் இதைவிட அதிகம் செய்யலாம்.

பெர்ல் பக் 1973 மார்ச் 6-ஆம் நாள் வெர்மான்ட் மாநிலத்தின் டான்பி என்ற ஊரில் காலமானார். அதற்கு முந்திய ஆண்டு, தாம் வளர்ந்த சீனாவை மீண்டும் ஒருமுறை பார்க்க ஆசைப்பட்டு விண்ணப்பித்தார். சீன அரசு விசா மறுத்துவிட்டது. பிறந்த நாடு ஒன்று, வளர்த்த நாடு ஒன்று என்று வாழ்ந்தவருக்கு, வளர்த்த நாட்டின் கதவு கடைசியில் திறக்கவில்லை.

கிரீன் ஹில்ஸ் பண்ணையில் ஒரு மரத்தடியில் அவரை அடக்கம் செய்தார்கள். கல்லறைக் கல்லை அவரே முன்கூட்டி வடிவமைத்திருந்தார். அதில் ஆங்கிலப் பெயர் இல்லை. நோபல் பரிசு பற்றிய குறிப்பும் இல்லை. சாய் செஞ்சு என்ற பெயர் மட்டும் சீன எழுத்தில் இருக்கிறது. சிலியாவ் தோட்டத்து இடுகாட்டில் என் பாட்டியின் கல்லில் தமிழ்ப் பெயர் இருப்பதைப் போல.